ஆற்றை மிச்சம் பிடித்த ராஜாவும் நுங்காயி என்கிற சொறியும்

ஒரே ஒரு கடலிலே, ஒரே ஒரு ஆறு வந்து விழுகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, நுங்காயி நுங்காயி என்று ஒரு சொறி இருந்தாளாம். கடல் ஏழாயிற்றே, ஒன்று என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். உப்புக்கடல், கருப்பஞ்சாற்றுக் கடல், கள்ளுக்கடல், நெய்க்கடல், தயிர்க்கடல், பாற்கடல், நல்ல தண்ணீர்க் கடல் என்று புராணத்தில் ஏழும் இருக்கின்றன, சரிதான். நம்முடைய கதை உப்புக்கடலில் நடக்கிறது. மற்றவை அந்தந்த இடத்திலேயே இருக்கட்டும். பாற்கடல் பக்கம் போய்விட்டால் கதை இன்றைக்கு முடியாது.

சொறி என்றால் தெரியும்தானே? கரையில் கண்ணாடி மாதிரி ஒதுங்கிக் கிடக்கும், தொட்டால் கை தடித்துப்போய் அரிக்கும். புத்தகத்தில் ஜெல்லிமீன் என்று போட்டிருப்பார்கள். அது மீன் இல்லை என்பதைப் புத்தகம் எழுதினவர்களே அடுத்த வரியில் ஒத்துக்கொள்வார்கள். நுங்கைத் தோண்டி வெயிலில் பிடித்தால் எப்படி இருக்கும், அப்படி இருப்பாள் நம்முடைய நுங்காயி. அவளுக்குத் தலை கிடையாது. கண் கிடையாது. எலும்பு கிடையாது. மூளை இல்லவே இல்லை. இருந்தது ஒரு வயிறு, வயிற்றுக்கு மேலே ஒரு குடை, குடைக்குக் கீழே நூல் நூலாகக் கைகள், அவ்வளவுதான். மூளை இல்லாதவள் எப்படிக் குழம்புவாள் என்று தர்க்கம் படித்தவர்கள் கேட்கலாம். குழம்புவதற்கு மூளை வேண்டும் என்று யார் சொன்னது? கொஞ்சம் பொறுங்கள், இதே கதையில் அரண்மனைக்கும் போவோம், அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

நுங்காயிக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று ஒருநாளும் தெரிந்ததில்லை. தண்ணீர் வடக்கே போனால் வடக்கே போவாள், தண்ணீர் தெற்கே போனால் தெற்கே போவாள், தண்ணீர் சும்மா இருந்தால் சும்மா இருப்பாள். அவள் குடைமேல் ஒரு நண்டு குடியிருந்தான். யானைமேல் பாகன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, கண் இரண்டையும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு, "ம், இடது பக்கம் திரும்பு" என்பான். தண்ணீர் இடது பக்கம் போனால், "பாத்தியா, நான் சொன்னேன், நீ திரும்பினே" என்பான். தண்ணீர் வலது பக்கம் இழுத்தால், "மனசுக்குள்ளே நான் வலதுன்னுதான் நினைச்சேன்" என்பான். நுங்காயியும் நம்பினாள். நம்பாமல் இருப்பதற்கு அவளிடம் என்ன இருக்கிறது?

இப்போது ஆற்றுக்கு வருவோம். ஆறு கடலில் விழுகிற இடத்தில் ஒரு கோடு உண்டு. இந்தப் பக்கம் செம்மண் தண்ணீர், அந்தப் பக்கம் நீலத் தண்ணீர். இரண்டும் உடனே கலந்துவிடாது. புதுச் சம்பந்திகள் மாதிரி ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கும். அந்தக் கோட்டில் நுரையும் சருகும் குச்சியும் வந்து ஒதுங்கும். ஆறு கொண்டுவந்த வண்டலின் சத்தில், கண்ணுக்குத் தெரியாத பச்சைத்தூசி அங்கே மண்டி வளரும். பச்சைத்தூசியைத் தின்னப் பொடிப்பூச்சி வரும். பொடிப்பூச்சியைத் தின்ன மத்தி வரும், நுங்காயியும் வருவாள். மத்தியைத் தின்னப் பெரிய மீன் வரும், பெரிய மீனைப் பிடிக்க மனுஷன் வருவான். மனுஷனைத் தின்ன யார் வருவார்கள் என்று கேட்காதீர்கள், அதற்குத்தான் ராஜாவைக் கடைசியில் வைத்திருக்கிறது.

விருந்து எப்போது என்று மிதக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆடிப்பெருக்கு அன்றைக்கு ஆற்றங்கரை ஊர்ப் பெண்கள் எல்லாரும் படித்துறையில் நின்று காதோலையும் கருகமணியும் மஞ்சள் கயிறும் புதுத் தண்ணீரில் விடுவார்கள். அது மிதந்து, புரண்டு, வளைந்து, முகத்துவாரம் தாண்டிக் கோட்டுக்கு வந்து சேரும். கருகமணி வந்தால் வெள்ளம் வருகிறது, வெள்ளம் வந்தால் வண்டல் வருகிறது, வண்டல் வந்தால் சோறு வருகிறது. நண்டு வருஷாவருஷம் ஒரு கருகமணியை எடுத்துக் கொடுக்கில் மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி திரிவான்.

அந்த வருஷம் ஆடி வந்தது. கருகமணி வரவில்லை.

நுங்காயி காத்திருந்தாள். கோட்டைக் காணோம். செம்மண் தண்ணீரைக் காணோம். எங்கே பார்த்தாலும் ஒரே நீலம், ஒரே உப்பு, ஒரே பட்டினி. சொறிக்குப் பட்டினி வந்தால் மற்றவர்களைப் போல் மெலிந்து எலும்பு தெரியாது. எலும்பு இருந்தால்தானே தெரிய. அப்படியே மொத்தமாகச் சிறுத்துப் போய்விடும். குடை அளவு இருந்த நுங்காயி தாம்பாளம் அளவு ஆனாள்.

"நண்டண்ணே, நீங்க கனமாயிட்டீங்களா?"

"நான் அப்படியேதான் இருக்கேன். நீதான் குறைஞ்சுட்டே. என் பின்னங்கால் வெளியே தொங்குது பாரு."

"எனக்குக் கண்ணு கிடையாதே."

"தொங்குது, நம்பு. இப்படியே போனா நீ ஒண்ணுமில்லாமப் போயிடுவே. அப்புறம் நான் எதுமேலே உக்காருவேன்?"

"ஒண்ணுமில்லாமப் போறதுன்னா எங்கே போறது, அண்ணே?"

நண்டுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. தெரியாதபோது செய்கிறதையே செய்தான். "நேரே போ" என்றான்.

தண்ணீரும் நேரே போயிற்று. வழக்கமாக ஆறு உள்ளேயிருந்து தள்ளும், சொறிக்கூட்டம் கோட்டைத் தாண்டி உள்ளே வர முடியாது. இப்போது தள்ளுவதற்கு ஆள் இல்லை. கடல் தினமும் பொங்கி வடிகிறதே, அந்த ஓதம் ஏறும்போது கடல் மெல்ல மெல்ல முகத்துவாரத்துக்குள் நுழைந்தது. நுங்காயியும் அவள் சாதிசனம் எல்லாமும் அதோடு நுழைந்தார்கள்.

வழியில் ஒரு மத்திக் கூட்டம் எதிரே வந்தது. எல்லாம் ஒரே முகம், எல்லாம் ஒரே குரல்.

"ஆத்தைப் பாத்தியா?" என்று கேட்டது கூட்டம்.

"எனக்குக் கண்ணு கிடையாது. நீங்க பாத்தீங்களா?"

"பாக்கலை. பச்சைத்தூசி இல்லே, பொடிப்பூச்சி இல்லே, இங்கே இருந்து என்ன பண்றது? நாங்க வேற ஆத்துக்குப் போறோம்."

"வேற ஆறு இருக்கா?"

"தெரியாது. முன்னாலே போறவன் போறான், பின்னாலே நாங்க போறோம்" என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

அப்புறம் கொஞ்சம் தள்ளி ஒரு தாய் இறால் வந்தாள். மீசையை முன்னும் பின்னும் ஆட்டி எதையோ மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தைப் பாத்தியா, தங்கச்சி?"

"எனக்குக் கண்ணு கிடையாது, அக்கா. நீங்க பாத்தீங்களா?"

"பாக்க வேண்டாமடி, எனக்கு வாசனை போதும். என் பிள்ளைங்க கடல்லே பொறந்து ஆத்து வாயிலே வளர்ற சாதி. நல்ல தண்ணி வாசனை வந்தா அந்தப் பக்கம் போங்கடான்னு அனுப்பிடுவேன். இந்த வருஷம் வாசனையே இல்லே. எந்தப் பக்கம்னு அனுப்ப?"

"நேரே அனுப்புங்க" என்றான் நண்டு. இறால் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அப்புறம் முகத்துவாரத்துப் பாறையில் ஒரு கிழட்டு ஆளிச்சிப்பி ஒட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது.

"ஆத்தைப் பாத்தியாம்மா?" என்று கேட்டது.

"எனக்குக் கண்ணு கிடையாது, தாத்தா. நீங்க பாத்தீங்களா?"

"எனக்கும்தான் கிடையாது. ஆனா இருவது தலைமுறையா இதே பாறை. பாதி உப்பு, பாதி தித்திப்பு, அதுதான் எங்க சாப்பாடு. இப்போ வாயைத் தொறந்தா ஒரே கரிப்பு. மூடினா மூச்சு முட்டுது. தொறக்கறதா, மூடறதா, நீயே சொல்லு."

நுங்காயி யோசித்தாள். யோசிப்பதற்கு இடமில்லாததால் வயிற்றில்தான் யோசித்தாள். அங்கே பசிதான் இருந்தது. அதற்குள் ஓதம் அவளை இழுத்துக்கொண்டு மேலே போய்விட்டது. தாம்பாளம் அளவு இருந்தவள் இட்லி அளவு ஆகியிருந்தாள்.

அவளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அதைக் கதை கேட்கிறவர்களுக்குச் சொல்லிவிடலாம், அவளிடம் போய்ச் சொல்லாதீர்கள், பிரயோசனமில்லை.

அந்த ஆற்றங்கரையில் ஒரு ராஜா இருந்தான். கல்வெட்டில் அவன் பெயர் இரண்டு வரி ஓடும். ஊரார் வைத்த பெயர் மிச்சம்பிடி ராஜா. ரசத்தில் கிடக்கிற கறிவேப்பிலையை நீங்களும் நாமும் இலை ஓரத்தில் ஒதுக்கிவைப்போம், அவன் மென்று தின்பான். ஒதுக்குகிறவர்களை முறைத்தும் பார்ப்பான். ஒருநாள் உப்பரிகையில் நின்று ஆற்றைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் வயிறு எரிந்தது.

"மந்திரி, இந்தத் தண்ணி எல்லாம் எங்கே போகுது?"

மந்திரி பெயர் ஆலாலசுந்தரம். நிறையப் படித்தவர், அதைவிட நிறையத் தலையாட்டுகிறவர். "கடலுக்குப் போகிறது, மகாராஜா."

"ராத்திரியும் போகுதா?"

"ராத்திரியும் போகிறது."

"நாம தூங்கும்போதும் போகுதா?"

"தூங்கும்போதும் போகிறது, மகாராஜா."

"எவ்வளவு காலமா இந்த அக்கிரமம் நடக்குது? கடல்லே தண்ணி இல்லையா? அவனுக்கு எதுக்கு என் தண்ணி? குடிக்கிறானா, குளிக்கிறானா, உப்புப் போட்டுக் கெடுத்து வச்சிக்கிறான். வீண். எல்லாம் வீண்."

உடனே முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் மேலே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரைக்கும் ஒரு பெரிய மண் அணை போட்டான். ஆறு நின்றது. ஒரு சொட்டு கடலுக்குப் போகவில்லை. சரி, அந்தத் தண்ணீரை வயலுக்காவது விட்டானா? குடியானவர்கள் வந்து கேட்டார்கள். "எடுத்தா குறையுமே" என்றான். குடிக்கவாவது விட்டானா? ஊர்ப் பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள். "எடுத்தா குறையுமே" என்றான். மாட்டைக் குளிப்பாட்டவாவது விட்டானா? மாடும் வந்து நின்றது. மாட்டிடமும் அதையே சொன்னான். சேர்த்த தண்ணீர் அசையாமல் கிடந்து பாசி பிடித்து, கொசு மொய்த்து, நாற ஆரம்பித்தது. மேற்கே பெண்கள் விட்ட காதோலையும் கருகமணியும் வந்து வந்து அணையில் முட்டி, ஓரத்தில் குப்பையாக ஒதுங்கின. ராஜா தினமும் காலையில் வந்து பார்த்து, "எல்லாம் இருக்கு" என்று சந்தோஷப்பட்டுவிட்டுப் போவான்.

ஒருநாள் காலையில் வந்தவன் அணைக்கு மறுபக்கம் எட்டிப் பார்த்தான். காய்ந்து மணலாகக் கிடக்கவேண்டிய ஆற்றில் தண்ணீர் இருந்தது. ஏறிக்கொண்டும் இருந்தது. ராஜா கத்தினான்.

"மந்திரி, அணை கசியுது. என் தண்ணி வெளியே போகுது."

அது கடல் தண்ணீர். ஓதம் ஏறி உள்ளே வந்திருந்தது. மந்திரிக்குத் தெரியும். "மகாராஜா, ஒருவேளை அது கடல்…" என்று ஆரம்பித்தார்.

"கடல் எப்படி ஐயா மேட்டுக்கு வரும்? தண்ணி மேட்டிலேருந்து பள்ளத்துக்குத்தானே போகும், நீர் படிக்கலையா?"

"படித்திருக்கிறேன், மகாராஜா. வேண்டுமானால் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிடலாமே, கரிக்கிறதா இல்லையா என்று."

"குடிச்சா குறையுமே" என்றான் ராஜா.

மந்திரி தலையாட்டினார். ராஜா ஆள் விட்டு, கடற்கரைக் குப்பத்துச் சனங்களை எல்லாம் கூட்டிவரச் சொன்னான். அவர்களுக்கும் வேறு வேலை இல்லை. வலை போட்டால் மத்தி இல்லை, இறால் இல்லை, வலை முழுக்கச் சொறிதான். ஆளுக்கு ஒரு கொட்டாங்கச்சி கஞ்சி என்று பேச்சு. இறைகூடையைக் கையில் கொடுத்து, "கசிஞ்ச தண்ணியை எல்லாம் திரும்ப மேலே கொட்டுங்க" என்றான்.

அவர்களும் கொட்டினார்கள். காலையில் ஓதம் ஏறும், கொட்டுவார்கள். மத்தியானம் ஓதம் தானாக வடியும். "பாத்தீரா, கசிவு நின்னுபோச்சு" என்பான் ராஜா. மந்திரி தலையாட்டுவார். மறுநாள் மறுபடி ஏறும்.

குப்பத்துப் பெண்களில் தையல்நாயகி என்று ஒருத்தி, வாய்க்காரி. இறைகூடையின் கயிற்றை இழுத்துக்கொண்டே பக்கத்தில் நின்ற நாத்தனாரிடம் சொன்னாள். "எந்தப் பாவி கண்ணு பட்டுச்சோ, கடல்லே மீனு இல்லே, ஆத்துலே தண்ணி இல்லே, இந்த ஆளு மண்டையிலேயும் ஒண்ணும் இல்லே."

"மெதுவாப் பேசுங்க அண்ணி, காதுலே விழப்போகுது."

"விழட்டும். உன் அண்ணன் மூணு மாசமா வலையைத் தொடலே. கடலாத்தா கோவிச்சிக்கிட்டாங்கறாரு. எதுக்குக் கோவம்னு கேட்டா அவருக்கும் தெரியலே. இந்தத் தண்ணி ஏன் கரிக்குதுன்னும் எனக்குப் புரியலே. ஆத்துத் தண்ணிங்கறான், வாயிலே பட்டா கடலாட்டம் இருக்கு. உனக்குப் புரியுதா?"

"எனக்குக் கஞ்சி எப்போன்னுதான் புரியலே."

அப்படி இறைத்த கூடை ஒன்றில்தான் நம்முடைய நுங்காயி அகப்பட்டாள். தண்ணீர் இதுவரைக்கும் அவளை இடது பக்கம், வலது பக்கம், முன்னே, பின்னே எல்லாம் கொண்டு போயிருக்கிறது. முதல் தடவையாக மேலே கொண்டு போயிற்று. காற்றில் ஒரு வீச்சு, அப்புறம் தொப்பென்று விழுந்தாள்.

"நண்டண்ணே, நாம எங்கே இருக்கோம்? இது கடலா?"

நண்டு கண்ணை நீட்டிப் பார்த்தான். சுற்றிலும் காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு. "நுங்காயி, வந்துட்டோம். இதுதான் விருந்து. கருகமணியா கிடக்கு. நான் சொல்லலே, நேரே போன்னு?"

நுங்காயி கையை நீட்டினாள். கருகமணி இருந்தது. வண்டல் இருந்தது. பச்சையும் இருந்தது, ஆனால் அது தின்கிற பச்சை இல்லை, நாறுகிற பச்சை. பொடிப்பூச்சி ஒன்றுகூட இல்லை. விருந்துக்கு வாழை மரம் கட்டியாயிற்று, மேளம் வந்தாயிற்று, சோறு மட்டும் வடிக்கவில்லை என்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அதுமட்டுமா? மேலே நின்றது நல்ல தண்ணீர். நமக்கு நல்ல தண்ணீர், உப்பில் பிறந்த உடம்புக்கு அது விஷம். அவள் உடம்பு ஊதியது, இளகியது, ஓரமெல்லாம் கரைகிற மாதிரி இருந்தது. சாகப்போகிறோம் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. குடையை அசைக்கத் தெம்பில்லாமல் அப்படியே கீழே போனாள்.

கீழே போனதுதான் அவள் பிழைத்த வழி. குப்பத்துச் சனங்கள் இறைத்துக் கொட்டிய உப்புத்தண்ணீர் எல்லாம் கனம், அது கலக்காமல் அடியில் போய்ப் படுத்திருந்தது. மேலே தித்திப்பு, கீழே கரிப்பு. நுங்காயி அங்கே போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு முன்னால் கொட்டப்பட்ட சாதிசனம் எல்லாம் அங்கேதான் ஒன்றுமேல் ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். பசி மட்டும் அப்படியே இருந்தது. இட்லி அளவு இருந்தவள் நெல்லிக்காய் அளவு ஆனாள். நண்டு இப்போது அவள்மேல் உட்கார முடியாமல் அவளைத் தூக்கித் தன்மேல் வைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இப்போ யாரு யாரை ஓட்டுறது?"

"பேசாம இரு. நான் யோசிக்கிறேன்" என்றான் நண்டு. அவன் குரல் நன்றாக இல்லை.

ராஜாவுக்குப் பிறந்தநாள் வந்தது. அரண்மனைக் கிணற்றில் தண்ணீர் இறைத்தால் கரித்தது. கடல் மண்ணுக்கு அடியிலும் நுழைந்துவிட்டது. "பிறந்தநாள் முழுக்கு என் சொந்தத் தண்ணியிலேதான்" என்றான் ராஜா.

"முழுகினால் தண்ணீர் குறையாதா, மகாராஜா?" என்று மந்திரி கேட்டார். அவர் நிஜமாகவே குழம்பித்தான் கேட்டார்.

"முழுகிட்டு ஏறினா தண்ணி அங்கேதானே இருக்கும்? இதுகூடத் தெரியலையா? வேட்டியையும் கட்டிக்கிட்டே இறங்குவேன், துவைச்ச மாதிரியும் ஆச்சு."

மேளம் அடித்தார்கள். ராஜா அணையின் உள்படியில் இறங்கினான். கணுக்கால் ஆழம், தித்திப்பு. முழங்கால் ஆழம், தித்திப்பு. இடுப்பு ஆழத்துக்குப் போனபோது கால் இரண்டும் கரிப்பில் இருந்தன. கரிப்பில் யார் இருந்தார்கள்? நெல்லிக்காய் அளவு ஆகிப்போன நுங்காயிக்கு ஏதோ பெரிதாக, வெதுவெதுப்பாக, ரோமத்தோடு மேலே வந்து பட்டது. சோறு என்று நினைத்தாள். பசித்தவள் வேறு என்ன நினைப்பாள்? இருக்கிற கையை எல்லாம் நீட்டிப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்ததைப் பார்த்து, பார்க்கக் கண் இல்லை, எப்படியோ தெரிந்து, சாதிசனம் எல்லாமும் பிடித்துக்கொண்டார்கள்.

ராஜா நிற்காமல் மேலே ஏறினான். ஏறினான் என்று சொல்வது மரியாதைக்காக. கால் இரண்டும் சூடு போட்ட மாதிரி வரி வரியாகத் தடித்துவிட்டன. அரிப்பு, எரிச்சல், அரிப்பு.

"தண்ணி ஊத்துங்கடா" என்றான். மேலே கிடந்த நல்ல தண்ணீரை மொண்டு ஊற்றினார்கள். சொறி பட்ட இடத்தில் நல்ல தண்ணீர் ஊற்றக்கூடாது, ஊற்றினால் விஷம் இன்னும் இறங்கும். எரிச்சல் இரண்டு பங்கானது. "இன்னும் ஊத்துங்கடா" என்றான். ஊற்றினார்கள். எரிச்சல் நாலு பங்கானது. "இன்னும்" என்றான், ஊற்றினார்கள், அவன் மணலில் புரண்டான்.

"யாரு என் தண்ணிக்குள்ளே நெருப்பை வச்சது? இவ்வளவு பத்திரமா வச்சிருந்தேனே. ஒரு சொட்டுக்கூட எடுக்கலையே. எப்படிக் கெட்டுப்போச்சு? மந்திரி, சொல்லும்."

மந்திரிக்கு எல்லாம் தெரியும். ஆனால் எங்கே ஆரம்பித்துச் சொல்வது என்று தெரியவில்லை. கடலில் ஆரம்பித்தால் ஓதம் வருகிறது, ஓதத்தில் ஆரம்பித்தால் அணை வருகிறது, அணையில் ஆரம்பித்தால் ராஜா வருகிறான். அதனால் தலையாட்டினார்.

"இந்தத் தண்ணியே எனக்கு வேண்டாம்" என்றான் ராஜா. "வெட்டுங்கடா கரையை. போகட்டும்."

"மகாராஜா, வெட்டினால் எல்லாம் கடலுக்குப் போய்விடுமே. வீணாகிவிடுமே."

"வீணாகட்டும்."

மேளம் நின்றுவிட்டது. அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை. ராஜாவே ஒருகணம் யார் பேசினது என்று திரும்பிப் பார்த்தான். தையல்நாயகிதான் முதலில் சுதாரித்தவள். "மனசு மாறறதுக்குள்ளே வெட்டுங்கடி" என்று நாத்தனார் கையில் மண்வெட்டியைத் திணித்தாள். குப்பம் முழுக்க அணைமேல் ஏறியது. ஒரு கோடு போட்டார்கள், கோடு வாய்க்காலானது, வாய்க்கால் வாயானது, அப்புறம் ஆறே எழுந்து நடந்தது.

நுங்காயிக்கு மட்டும் உயிர் ஊசலாடியது. மேல்தண்ணீர் புரண்டு வந்தால் அவள் அவ்வளவுதான், நெல்லிக்காய் உடம்பு கரைவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

"நண்டண்ணே, என்னமோ இழுக்குது. எந்தப் பக்கம் போகட்டும்?"

நண்டுக்கு இடது தெரியவில்லை, வலது தெரியவில்லை, நேரே எது என்றும் தெரியவில்லை. இத்தனை நாளும் ஓட்டினோமே, ஒரு தடவையாவது ஓட்டினோமா என்று முதல் தடவையாக அவனுக்குச் சந்தேகம் வந்தது. ஒன்றும் சொல்லாமல் கொடுக்கை இறுக்கி அவளைப் பிடித்துக்கொண்டு, பாசிபோல அடியோடு அடியாகப் படுத்துக்கொண்டான். அடியில் இருந்த கரிப்புத் தண்ணீர் அடியிலேயே ஓடியது. மேலே தித்திப்பு இரைந்து போயிற்று, கீழே கரிப்பு சத்தமில்லாமல் போயிற்று. சிப்பித் தாத்தாவின் பாறையைத் தாண்டினார்கள். தாத்தா வாயை ஆவென்று திறந்து வைத்திருந்தது, மூடவில்லை.

கோடு மறுபடியும் வந்தது. இந்தப் பக்கம் செம்மண், அந்தப் பக்கம் நீலம், நடுவே நுரை. ஒரு வருஷத்துக் கருகமணி மொத்தமும் ஒரேயடியாக வந்து சேர்ந்தது. பச்சைத்தூசி மண்டியது, பொடிப்பூச்சி மொய்த்தது. நுங்காயி தின்றாள். நெல்லிக்காய் இட்லியானது, இட்லி தாம்பாளமானது, தாம்பாளம் குடையானது. தாய் இறால் வாசனை பிடித்துப் பிள்ளைகளை அனுப்பினாள். மத்தி திரும்பி வந்தது, முன்னாலே போனவன் திரும்பினானாம். குப்பத்து வலையில் மீன் விழுந்தது. ஆறு தள்ளத் தள்ளச் சொறிக்கூட்டம் கோட்டுக்கு அந்தப் பக்கம் விலகிவிட்டது. தையல்நாயகி வீட்டுக்காரர் கடலாத்தாவுக்குக் கோபம் தீர்ந்தது என்றார். கோபம் எதற்கு வந்தது, எதனால் தீர்ந்தது என்று கேட்டதற்கு, அதெல்லாம் பொம்பளைங்களுக்குச் சொல்ற விஷயமில்லே என்றார். அவருக்குத் தெரியாது.

மிச்சம்பிடி ராஜாவின் காலில் விழுந்த வரிகள் போகவே இல்லை. எதையாவது சேர்த்துப் பூட்டி வைக்கலாம் என்று நினைத்தாலே அரிக்க ஆரம்பித்துவிடும். அதனால் ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் அவனே முகத்துவாரத்துக்கு வந்து, இரண்டு கையாலும் ஆற்றுத் தண்ணீரை அள்ளிக் கடல் பக்கம் விட்டுவிட்டுப் போவான். விடும்போது முகம் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். கறிவேப்பிலையை மட்டும் இன்னும் மென்றுதான் தின்றானாம்.

ஆற்றைத் திறந்தது யார் என்று ஊரில் ரொம்ப நாள் பேச்சு. ராஜா தான் உத்தரவு போட்டதாகச் சொன்னான். தையல்நாயகி தான் வெட்டியதாகச் சொன்னாள். மந்திரி இரண்டு பேருக்கும் தலையாட்டினார். நுங்காயியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒருநாள் பசித்தது, ஒருநாள் பசிக்கவில்லை, நடுவே ஏதோ ரோமமாக இருந்தது என்றுதான் சொல்லியிருப்பாள்.

"நண்டண்ணே, நாம இப்போ எங்கே இருக்கோம்?" என்று கேட்டாள், குடையை விரித்து, செம்மண்ணுக்கும் நீலத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டே.

நண்டு புதுக் கருகமணியைக் கொடுக்கில் மாட்டிக்கொண்டிருந்தான். கண் இரண்டையும் நீட்டி இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான், நேரே பார்த்தான்.

"எனக்கும் தெரியலே, நுங்காயி" என்றான். "நீ சாப்பிடு."

ஆறு போச்சு கடலுக்கு, கருகமணி போச்சு நண்டுக்கு, அரிப்பு போச்சு ராஜாவுக்கு, கதை போச்சு கேட்டவங்களுக்கு. அதைப் பூட்டி வைக்காமல் நாளைக்கு யாருக்காவது சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கால் அரிக்கும்.